பெரம்பூர் கவுன்சிலிங் சென்டர்: தம்பியின் லாரிப் பயமும் என் மெட்ரோ பயமும்

முதலிலேயே மதிப்பெண்ணைச் சொல்லிவிடுகிறேன், பாதியில் போகிறவர்கள் போகலாம். சிகிச்சைக்கு ஐந்துக்கு நாலரை. படிக்கட்டு, ரிசப்ஷன், நேரம் கிடைப்பது, ரசீது என்று மற்ற எல்லாவற்றுக்கும் சேர்த்து இரண்டரை. பெயர் போடவில்லை. ஒரே ஒரு சைக்காலஜிஸ்ட் நடத்துகிற சின்ன இடம், குறைகளையும் சொல்லப்போகிறேன், அந்த மேடத்துக்கு என்னால் சங்கடம் வேண்டாம். பெரம்பூர் ரயில்வே ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரத்தில் இரண்டாவது மாடி, அவ்வளவு போதும். நான் அதிகம் எழுதப்போவது அங்கே என்ன செய்தார்கள், எது எங்களுக்கு ஒத்துவந்தது என்பதைப் பற்றித்தான், ஏனென்றால் காசு கட்டுவதற்கு முன்னால் எங்களுக்கு அதை யாரும் சொல்லவில்லை.

தம்பிக்குத் தண்டையார்பேட்டையில் வீடு, எண்ணூரில் கான்ட்ராக்ட் வேலை. எண்ணூர் விரைவுச் சாலையில் எர்ணாவூர் பக்கம் ஒரு கன்டெய்னர் டிரெய்லர் திரும்பும்போது பின்பக்கம் இடித்து, பைக்கோடு சேர்த்து அவனைக் கொஞ்ச தூரம் இழுத்துக்கொண்டு போய்விட்டது. காலில் பிளேட் வைத்தார்கள், எலும்பு கூடிவிட்டது, நொண்டாமல் நடக்கிறான். கால் சரியான பிறகுதான் மற்றது தெரிய ஆரம்பித்தது. டிரெய்லர் நிற்கும்போது ஏர் பிரேக் விடுகிற அந்த ‘உஸ்ஸ்’ சத்தம் கேட்டால் உடம்பு விறைத்துவிடும், சட்டை நனைந்துவிடும். ராத்திரி திடுக்கிட்டு எழுந்து உட்கார்ந்திருப்பான். துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் வண்டிகள் விடிய விடிய வரிசை கட்டி நிற்கிற ஏரியாவில் இருந்துகொண்டு அந்தச் சத்தத்துக்கு எங்கே தப்பிப்பது?

அம்மா வழக்கப்படி ‘பயந்த கோளாறு’ என்று முடிவு செய்து, தர்காவில் ஓதி ஊதிய தண்ணீர், அங்காளம்மன் கோயில் கயிறு, ஒன்றையும் விடவில்லை. அதில் எனக்கு ஒரு குறையும் கிடையாது, அம்மாவுக்கு மனசு ஆறியது, அவனும் கொஞ்சம் தூங்கினான். எனக்குக் கோபம் அடுத்து நடந்ததில்தான். அவன் நண்பன் ஒருவன் ‘ஒரே அமர்வில் எந்தப் பயமும் போகும்’ என்று ஒரு ஓட்டல் ஹாலில் நடந்த வகுப்புக்கு இவனை இழுத்துக்கொண்டு போனான். கண்ணை மூடு, தியேட்டரில் உட்கார்ந்திருப்பதாக நினை, உன் விபத்தைக் கறுப்பு வெள்ளையில் திரையில் பார், இப்போது ரிவர்சில் ஓட்டு. அதற்கப்புறம் புருவம், கண்ணுக்குக் கீழே, காறை எலும்பு என்று விரலால் தட்டிக்கொண்டே ‘நான் என்னை ஏற்றுக்கொள்கிறேன்’ என்று சொல்லவேண்டும். எல்லோரும் கை தட்டினார்களாம். ஹாலை விட்டு வெளியே வந்து ரோட்டைக் கடக்கும் வரைக்கும் நன்றாகத்தான் இருந்தான்.

அந்த ரிவர்ஸ் வித்தை என்.எல்.பி. (நியூரோ லிங்குவிஸ்டிக் புரோகிராமிங்) என்ற கூட்டத்தின் சரக்கு. தட்டுகிற முறையை அமெரிக்காவில் ரோஜர் கேலஹன் என்ற சைக்காலஜிஸ்ட் ஆரம்பிக்க, கேரி கிரெய்க் என்பவர் அதைச் சுலபமாக்கிப் பரப்பினார். உடம்பில் சக்தி ஓடுகிற பாதை இருக்கிறது, தட்டினால் அடைப்பு நீங்கும் என்பது அவர்கள் விளக்கம். அப்படி ஒரு பாதை இருப்பதாக இதுவரை யாரும் காட்டவில்லை. தட்டுவதால் சிலருக்குப் படபடப்பு குறையலாம், நான் மறுக்கவில்லை. ஆனால் அதை விபத்தில் அடிபட்டவனுக்கு முழுச் சிகிச்சையாக, அதுவும் கும்பலாக உட்கார வைத்து விற்பது அநியாயம்.

ஒரே அமர்வில் பயம் போவது என்பதே பொய்யா என்றால் அதுவும் இல்லை. சுவீடனில் லார்ஸ் ஓரன் ஓஸ்ட் என்பவர் 1989இல் ஒரே அமர்வுச் சிகிச்சை என்று முறையாக எழுதியிருக்கிறார். சிலந்தி, நாய், ஊசி மாதிரி குறிப்பிட்ட ஒரு பொருளின் மேல் பயம் உள்ளவர்களுக்கு, அதிகபட்சம் மூன்று மணி நேரம், சிகிச்சையாளர் கூடவே இருந்து அந்தப் பொருளின் கிட்டத்தில் படிப்படியாகக் கொண்டுபோவார். நிஜ சிலந்தி, நிஜ நாய், கற்பனைத் தியேட்டர் எல்லாம் இல்லை. அதுவும் போபியாவுக்கு. விபத்து, வன்முறை போன்றவற்றுக்குப் பிறகு வருகிற பி.டி.எஸ்.டி. வேறு சமாச்சாரம், ஒரே உட்காரலில் முடிகிறது என்று யாராவது சொன்னால் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.

சரி, பெரம்பூருக்கு வருகிறேன். முதல் நாள் மேடம் சிகிச்சை எதையும் தொடங்கவில்லை, கேள்விதான். பி.சி.எல்.-5 என்று ஒரு படிவம், 20 கேள்வி, மொத்தம் 80 மதிப்பெண். ஒவ்வொன்றையும் தமிழில் படித்துக் காட்டி அவனைச் சொல்ல வைத்தார். விபத்துக்குப் பிந்தைய முதல் சில வாரங்களில் இப்படி இருப்பது நிறைய பேருக்குச் சகஜம், பலருக்குத் தானே குறைந்துவிடும், ஒரு மாதம் தாண்டியும் விடாமல் இருந்தால்தான் அதற்குப் பி.டி.எஸ்.டி. என்று பெயர் வைப்பார்கள் என்றார். இவனுக்கு அது தாண்டி வெகுநாள் ஆகியிருந்தது. தூக்கத்துக்கு ஒரு சைக்கியாட்ரிஸ்ட்டையும் பார்க்கச் சொன்னார். அங்கே செர்ட்ராலின் எழுதிக் கொடுத்தார்கள், பி.டி.எஸ்.டி.க்குக் கொடுக்கப்படுகிற மருந்துதான், வேலை செய்யச் சில வாரம் ஆகும், நாமாக நிறுத்தக் கூடாது. மாத்திரை எழுத மருத்துவரால்தான் முடியும், சைக்காலஜிஸ்ட் எழுத முடியாது, இதுவே எங்கள் வீட்டில் பாதிப் பேருக்குத் தெரியாது.

அப்புறம் இரண்டு வழியைச் சொன்னார். இந்த இடம்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது, அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதல் வழி, அமெரிக்க சைக்காலஜிஸ்ட் எட்னா ஃபோவா உருவாக்கிய நீண்ட எக்ஸ்போஷர் முறை, அதாவது பயப்படுகிற நினைவை ஒதுங்காமல் நேருக்கு நேர் சந்திப்பது. கண்ணை மூடி, நடந்ததை இப்போது நடப்பது போலவே, ஒன்றையும் தாண்டாமல் சொல்லவேண்டும், திரும்பத் திரும்ப. தம்பி உடனே கேட்டான்: “மேடம், ஆஸ்பத்திரில பாக்க வந்த அத்தனை பேர்கிட்டயும் சொல்லிட்டேனே, அப்பவே போயிருக்கணுமே?” நியாயமான கேள்வி. மேடம், “சரி, எனக்கும் ஒரு தடவை சொல்லுங்க” என்றார். அவன் சொன்னது செய்தி வாசிப்பது மாதிரி இருந்தது: வண்டி வந்தது, இடிச்சது, கண் முழிச்சா ஆஸ்பத்திரி. இழுத்துக்கொண்டு போன அந்தச் சில நொடி அதில் இல்லவே இல்லை. “உங்கள ராத்திரி எழுப்புறது அந்த இடம்தான், அங்க மட்டும் நீங்க நிக்கவே இல்ல” என்றார். இத்தனை மாதமாக அவன் கதையை மனப்பாடமாகக் கேட்டுவிட்ட எனக்கே அது அன்றைக்குத்தான் உறைத்தது.

இந்த முறையில் இன்னொரு பங்கு வீட்டுப்பாடம். அமர்வில் சொன்னதைப் பதிவு செய்து தருவார்கள், தினமும் வீட்டில் கேட்கவேண்டும். இங்கேதான் சிக்கல். தம்பி வீடு ஒரு ஹால், ஒரு சமையலறை, அதில் அம்மா, அண்ணி, பிள்ளைகள், பக்கத்து வீட்டுக்கும் இவர்களுக்கும் பொதுச்சுவர். ஹெட்போன் மாட்டிக்கொண்டு எங்கே போய் உட்கார்ந்து அழுவான்? மொட்டை மாடிக்குப் போனால் மாவு காய வைக்கிறவர்கள் “என்னப்பா ஆச்சு” என்பார்கள். காசிமேடு கடற்கரைக்குப் போனால் தெரிந்தவன் ஒருவன் தோளில் கை போடுவான். சில நாள் முயன்று பார்த்துவிட்டு, முடியவில்லை என்று அவனே போய்ச் சொன்னான். மேடம் அதற்காகக் கடிந்துகொள்ளவில்லை, ‘உங்களுக்கு மனசு இல்லை’ என்று பழி போடவும் இல்லை. வீடு அப்படி என்றால் வழியை மாற்றலாம் என்று இரண்டாவது வழிக்கு, கண் அசைவை வைத்துச் செய்கிற ஈ.எம்.டி.ஆர். பக்கம் போனார், ஏனென்றால் அதில் வேலை முக்கால்வாசி அமர்வுக்குள்ளேயே முடிந்துவிடும், தினமும் வீட்டில் கேட்கிற பாடம் கிடையாது, நடந்ததை முழுக்க வாய்விட்டுச் சொல்லவும் தேவையில்லை. தம்பி பேச்சு குறைந்த ஆள். பெரிய பெரிய இடங்களில் இந்த முறை அந்த முறை என்று சான்றிதழ் மாட்டியிருப்பார்கள், ஆனால் தனி அறை இல்லாத வீட்டுக்கு எது நடக்கும் என்று யோசிக்கிறவர்கள் எத்தனை பேர் என்று தெரியவில்லை.

ஈ.எம்.டி.ஆர். பார்க்க மந்திரவாதம் மாதிரிதான் இருக்கும், அதைச் சொல்லிவிடவேண்டும். அமெரிக்காவில் ஃபிரான்சின் ஷபீரோ என்பவர் 1987இல் ஒரு பூங்காவில் நடந்துகொண்டிருந்தபோது, கண் இப்படி அப்படிப் போகும்போது மனசை உறுத்துகிற நினைப்பின் வேகம் குறைவதைக் கவனித்தாராம், 1989இல் முதல் ஆய்வை வெளியிட்டார். எட்டுக் கட்டம் உண்டு. விபத்தின் மோசமான ஒரு காட்சியை நினைவில் வைக்கவேண்டும், அதோடு ஒட்டியிருக்கிற எண்ணம் என்ன என்று சொல்லவேண்டும் (தம்பி சொன்னது, “நான் பாத்திருக்கணும்”), உடம்பில் எங்கே இருக்கிறது, 0 முதல் 10 வரை எவ்வளவு என்று சொல்லவேண்டும். அப்புறம் மேடம் விரலை இடமும் வலமும் ஆட்ட, கண் அதைத் தொடரும், அரை நிமிடம் போல. நிறுத்தி, “என்ன வருது?” என்பார். எது வந்தாலும், “அதோடயே போங்க.” மறுபடி விரல். ஒரு நாள் அவனுக்கு விபத்தே வராமல், இழுபட்டு நின்ற பிறகு தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்ட மீன்காரம்மா முகம் வந்ததாம். அதுவரை அந்த அம்மா அவன் கதையிலேயே கிடையாது.

கண் அசைவதுதான் வேலை செய்கிறதா, இல்லை பாதுகாப்பான இடத்தில் உட்கார்ந்தபடி அந்தக் காட்சியை விட்டு ஓடாமல் இருப்பதுதான் வேலை செய்கிறதா என்று ஆராய்ச்சியாளர்களுக்குள் சண்டை இன்னும் ஓயவில்லை. கண் அசைவு சும்மா என்று ஒரு பக்கம், இல்லை அதுவும் கொஞ்சம் உதவுகிறது என்று இன்னொரு பக்கம். மேடம் இதை மறைக்காமல் அவரே சொன்னார், அதனால்தான் எனக்கு நம்பிக்கை வந்தது. மொத்த முறைக்குப் பலன் இருக்கிறது என்பதில் பெரிய தகராறு இல்லை, உலக சுகாதார நிறுவனமே 2013 வழிகாட்டுதலில் பி.டி.எஸ்.டி.க்கு அதிர்ச்சியை மையமாக வைத்த சி.பி.டி.யையும் (எண்ணத்தையும் நடத்தையையும் மாற்றுகிற பேச்சுச் சிகிச்சை) ஈ.எம்.டி.ஆரையும் பரிந்துரைத்திருக்கிறது.

நினைவு தணிந்தாலும் ரோட்டு வேலை தனியாக இருந்தது. போனில் ஏர் பிரேக் சத்தம், முதலில் மெதுவாக. பிறகு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து போகிற வண்டிகளைப் பார்ப்பது, நின்றிருக்கும் டிரெய்லர் ஓரமாக நடப்பது, டயரைத் தொடுவது. இதில் சிலவற்றுக்கு மேடமே வெயிலில் கூட வந்து நின்றார், அதற்கு நான் எவ்வளவு மதிப்பெண் போட்டாலும் தகும். டீக்கடைக்காரர் இவர்களை லாரி வாங்க வந்தவர்கள் என்று நினைத்திருக்கிறார். கடைசியில் பைக். அங்கே மேடம் ஒரு கோடு போட்டார்: “பயம் மொத்தமா போகக் கூடாது. டிரெய்லருக்கு இடது பக்கம் ஒட்டி ஓட்டக் கூடாதுங்கற பயம் உங்களுக்கு இருக்கணும், அது நோய் இல்ல.” எங்கள் பக்கத்துச் சாலை நிலவரம் தெரிந்தவர்தான் இப்படிச் சொல்வார். இப்போது வேலைக்குப் போகிறான். மழை நாளில் மட்டும் பஸ்.

என் கதை சுருக்கம். கல்யாணமாகி நான் இருப்பது காலடிப்பேட்டை, வேலை மண்ணடியில். 2021 பிப்ரவரியில் விம்கோ நகர் வரை மெட்ரோ வந்ததும் எல்லோரையும் போல நானும் சந்தோஷப்பட்டேன். மேலே ஓடுகிற வரைக்கும் ஒன்றுமில்லை, புது வண்ணாரப்பேட்டை தாண்டி ரயில் கீழே இறங்கி இருட்டுக்குள் போனதும் ஒரு நாள் நெஞ்சு அடித்துக்கொண்டு, மூச்சு முட்டி, இதுதான் ஹார்ட் அட்டாக் என்று நினைத்துவிட்டேன். இ.சி.ஜி. சுத்தம். அதிலிருந்து பஸ்தான். தம்பிக்குத் துணையாகப் போய்ப் போய், கடைசியில் நானும் அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன்.

எனக்கு சி.பி.டி. நெஞ்சு படபடப்பதைச் ‘சாகப்போகிறேன்’ என்று தப்பாகப் படிப்பதால் பயம் ஏறுகிறது, பயம் ஏறினால் இன்னும் படபடக்கிறது, இந்தச் சுழலை 1986இல் டேவிட் கிளார்க் என்பவர் விளக்கினார். அதை உடைக்க என்னை என்ன செய்யச் சொன்னார்கள் தெரியுமா? ஸ்ட்ரா வழியாக மூச்சு விடு. நாற்காலியில் சுற்று. அந்த இரண்டு மாடிப் படியையும் ஓடி ஏறு. அதே படபடப்பு, அதே தலைசுற்றல், ஆனால் சாகவில்லை. ரயிலில் நான் பிடித்துக்கொண்டிருந்த ஊன்றுகோல்களை எழுதச் சொன்னார்: தண்ணீர் பாட்டில், கதவு ஓரம், கையில் போன், பர்சுக்குள் அல்பிரசோலம் என்ற பதற்ற மாத்திரை அட்டை. ஒவ்வொன்றாக விட வைத்தார். அந்த மாத்திரை சீக்கிரம் கேட்கும், சீக்கிரம் பழகியும் போகும், பர்சில் இருக்கிற வரைக்கும் ‘மாத்திரை இருந்ததால் பிழைத்தேன்’ என்றுதான் மனசு கணக்கு எழுதும்.

அப்புறம் படிப்படியாக ரயில்: முதலில் காலடிப்பேட்டையிலிருந்து புது வண்ணாரப்பேட்டை வரை மேலேயே போய்த் திரும்புவது, அடுத்து ஒரே ஒரு ஸ்டேஷன் கீழே இறங்கித் தண்டையார்பேட்டை, அப்புறம் தியாகராயா கல்லூரி. ஒவ்வொரு தடவையும் ஏறுவதற்கு முன்னால் என்ன நடக்கும் என்று எழுதவேண்டும், இறங்கியதும் என்ன நடந்தது என்று எழுதவேண்டும். நான் எழுதியது, ‘சுரங்கத்தில் நின்றால் மயங்கி விழுவேன், 90 சதவீதம்’. ஒரு நாள் நிஜமாகவே சுரங்கத்தில் நின்றது. விழவில்லை. பக்கத்தில் இருந்த பாட்டி வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார், நானும் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மயக்கம் பற்றி ஒரு துணைச்செய்தி. பீதி வரும்போது பொதுவாக ரத்த அழுத்தம் ஏறும், அதனால் மயங்கி விழுவது அபூர்வம். ரத்தம், ஊசி பார்த்துப் பயப்படுகிறவர்களுக்கு மட்டும் அது திடீரென்று இறங்கும், எங்கள் அம்மா சுகர் டெஸ்டுக்கு ரத்தம் எடுக்கும்போதெல்லாம் சாய்ந்துவிடுவது அதனால்தான். அவர்களுக்கு ‘ரிலாக்ஸ்’ என்று சொல்வது எதிர்வேலை. கை, கால், வயிற்றைப் பத்துப் பதினைந்து நொடி இறுக்கிப் பிடித்து, முகம் சூடேறியதும் விட்டு, அரை நிமிடம் கழித்து மறுபடி, இப்படி ஐந்து தடவை. இதுவும் அந்த ஓஸ்ட் சொன்னதுதான். மேடம் காசு வாங்காமல் வாசலில் வைத்துச் சொல்லிக்கொடுத்தார். அம்மா இப்போது ஊசி போடுகிற பையனையே மிரட்டுகிறார்.

இனி குறைகள். இரண்டாவது மாடி, லிஃப்ட் கிடையாது, காலில் பிளேட் வைத்தவன் முதல் முறை ஏறி முடிக்கும்போதே அரை உயிர். ரிசப்ஷனில் இருக்கிற பெண் பெயரைக் கூப்பிட்டு “கவுன்சிலிங்கா, ட்ராமாவா?” என்று வெயிட்டிங் ஹால் முழுக்கக் கேட்கிற மாதிரி கேட்கிறது. ‘கீழ்ப்பாக்கம் கேஸ்’ என்று கிண்டல் செய்கிற ஊரில் இது சின்ன விஷயம் இல்லை, தெருக்காரர் ஒருவர் அங்கே உட்கார்ந்திருந்தால் முடிந்தது கதை. இரண்டு தடவை சொன்ன பிறகும் மாறவில்லை. சாயங்கால நேரம் கிடைக்கவே கிடைக்காது, ஷிப்ட் வேலைக்காரர்கள் லீவு போட்டுத்தான் வரவேண்டும். அமர்வுக்கு 1,200 ரூபாய், மூட்டை தூக்குகிற குடும்பத்துக்கு இது தாங்காது. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் உடல் நோய் மாதிரியே மன நோய்க்கும் இன்சூரன்ஸ் தரவேண்டும் என்கிறது, ஆனால் எங்கள் பாலிசியில் ஓ.பி. செலவே, அதாவது அட்மிட் ஆகாமல் பார்க்கிற செலவே கிடையாது என்பதால் எதுவும் வரவில்லை, ரசீதையும் கேட்டுக் கேட்டு வாங்கவேண்டியிருந்தது.

காசு முடியாதவர்களுக்கு: ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது, 1794லிருந்து வருகிற கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகமும் இருக்கிறது. போனில் பேச 14416, டெலி மானஸ், மத்திய அரசு 2022இல் ஆரம்பித்தது, இலவசம், எந்நேரமும், தமிழிலேயே பேசலாம். தனியாரிடம் போனால் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்று போர்டு போட்டவரிடம் ஆர்.சி.ஐ. (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு எண் கேளுங்கள், அதற்குச் சங்கடப்பட வேண்டாம், எங்கள் மேடம் கேட்காமலே சுவரில் மாட்டி வைத்திருக்கிறார். ‘கவுன்சிலர்’, ‘ஹீலர்’ என்று யார் வேண்டுமானாலும் போர்டு போட்டுக்கொள்ளலாம்.

அங்கே போகிறவர்களுக்கு ஒன்று: சனிக்கிழமை வேண்டுமென்றால் முந்தின வாரமே சொல்லிவையுங்கள், பைக்கில் போகாதீர்கள், நிறுத்த இடம் கிடையாது, கீழே மருந்துக்கடைக்காரர் ஷட்டர் முன்னால் வைத்தால் சத்தம் போடுவார்.